விடும்போது வலிக்கிற பல்

என் அக்கா வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் கட்டிங் பிளேயர் இருக்கும். ஆனால் ஒயரின் தோலை உரிப்பது மட்டும் பல்லால்தான். "வாயிலேயே கருவி இருக்கும்போது பையில எதுக்குக் கை விடணும்?" என்று பீற்றிக்கொள்வார். மாமாவிடம் யார் சொல்லி எது எடுபட்டது?

ஒருநாள் வலது கடைவாயில் வலி வந்தது. அதை அவர் சொன்ன விதம்தான் வினை. "கடிக்கும்போது வலிக்கல. கடிச்சுட்டு விடும்போதுதான் சுளீர்ங்குது."

"ஊர்ல எல்லாருக்கும் கடிச்சா வலிக்கும். உங்களுக்கு மட்டும் விட்டா வலிக்குமோ? வேலைக்குப் போகாம இருக்க இது ஒரு சாக்கு!" என்றாள் அக்கா.

முதலில் பார்த்த பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. போதாதா அவளுக்கு? மனிதர் எதையும் கரைத்துக் குடித்தே கன்னம் ஒட்டிப்போனார். பார்க்கவே பாவமாக இருந்தது. நான்தான் இருவரையும் வேறொரு பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சின்னப் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை ஒவ்வொரு பல்லின் மேலும் வைத்து, "கடிங்க... இப்ப விடுங்க" என்றார். கடைசிக்கு முந்தின பல்லில் குச்சியை விட்டதும் மாமா நாற்காலியிலிருந்து எகிறினார்.

"பல்லுல விரிசல். கடிச்சா விரியுது, விட்டா சேருது. சேரும்போதுதான் குத்தும். மெல்லிசா இருந்தா எக்ஸ்ரேல தெரியாது."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டர், இதை இவளப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றாள் அக்கா.

பல்லைச் சீவி, மேலே தொப்பி மாதிரி கேப் மாட்டிய அன்று டாக்டரம்மா எச்சரித்தார். "கேப் விரிசலை இறுக்கிப் பிடிச்சுக்கும். இனிமே முரட்டு வேலை செஞ்சீங்கன்னா வேர் வரைக்கும் பிளந்துடும். அப்புறம் பிடுங்க வேண்டியதுதான்."

"ஒயர் இனி என் வாய்க்குள்ள போகாது" என்று மாமா சத்தியம் செய்தார்.

சத்தியத்தைக் காப்பாற்றத்தான் செய்தார், படுபாவி. எங்கள் வீட்டு மின்விசிறியைச் சரிசெய்ய ஏணியில் ஏறியவர், ஒயரைப் பிளேயரால் அழகாக உரித்தார். அதை முறுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பிளேயரை எங்கே வைப்பது? லபக்கென்று வலது கடைவாயில் கவ்விக்கொண்டார்.

"அட மனுஷா, விடுங்க!" கீழே என்னோடு நின்ற அக்கா அலறினாள்.

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. ஆனால் விடவில்லை. விட்டால்தானே வலிக்கும்? ஏணி மேல் அப்படியே நின்று விழித்தார். பல் போச்சே என்று நான் ஏணியை இறுக்கிப் பிடித்தேன். அக்கா இரண்டு படி ஏறி, அவர் தாடைக்குக் கீழே கையை நீட்டினாள்.

"மெதுவா விடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

வாயைத் திறந்தார். பிளேயர் அவள் கையில் விழுந்தது.

"வலிக்கலடி" என்றார்.

"நம்புறேன்" என்றாள் அக்கா. பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். அன்றைக்கு மிச்ச ஒயரையெல்லாம் அவள்தான் உரித்துக் கொடுத்தாள்.