கொண்டையூசி குத்திய பக்கங்கள்

முகத்துக்காகப் புகழாமை அறங்களுள் அரிதானது. நட்புக்கு ஒரு சொல், உறவுக்கு ஒரு சொல் என்று நாவைப் பங்கிட்டுக் கொடுப்போர் நடுவே, பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் மட்டுமே சொல்லி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே வேலைப்பலகை முன் அமர்ந்திருந்தவர் ஒருவரை நான் அறிவேன். அவர் பெயர் எனெய்தா கார்பஹால். எங்கள் தீவின் மேற்கே, பினார் தெல் ரியோ நகரில் எங்கள் சுருட்டாலையில், மூன்றாம் வரிசை, ஏழாம் பலகை. ஆறாம் பலகை என்னுடையது.

எங்கள் ஆலையில் கை சுருட்டுச் சுற்றும். காது புத்தகம் கேட்கும். காலையில் செய்தித்தாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாவல். மேடையில் ஒலிவாங்கி முன் அமர்ந்து படிப்பவரை நாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்போம். எந்த நாவல் என்பதும் எங்கள் வாக்கே. கேட்டது பிடித்தால், இலை நறுக்கும் பிறைக்கத்தியால் பலகையைத் தட்டுவோம். இருநூறு கத்திகள் சேர்ந்து தட்டினால் தகரக் கூரையில் மழை இறங்குவது போலிருக்கும். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவோம். எனெய்தா ஒருமுறையும் உபசாரத்துக்காகத் தட்டியதில்லை. ஆகவே எங்கள் வரிசையும் அடுத்த வரிசையும் அவர் கத்தியைப் பார்த்த பிறகே தம் கத்தியை எடுக்கும்.

சென்ற ஆண்டு பழைய வாசிப்பாளர் ஓய்வு பெற்றார். மூன்று மாதச் சோதனைக்காக மேடையேறியவள் யுனெய்சி. எனெய்தாவின் மூத்த மகன் லெயோவெலின் மனைவி. அதுவரை அவள் இலையின் நடுநரம்பை உரிக்கும் கொட்டகையில் இருந்தாள். அங்குப் பறக்கும் தூசு அவளுக்கு இழுப்பைக் கொடுத்தது. மேடை நிலைத்தால் அவளுக்கு மூச்சு உண்டு. நிலைக்காவிட்டால் மீண்டும் கொட்டகை. இதை ஆலை முழுவதும் அறியும். மாமியாரின் கத்தி என்ன செய்யும் என்பதை மட்டும் எவரும் அறியார்.

இன்னொன்றையும் ஆலை அறியும், ஆனால் பேசாது. எனெய்தாவின் இளைய மகன் அமவுரி, பதினோராண்டுகளுக்கு முன் அணைக்கு மீன் பிடிக்கச் சென்று நீரில் மூழ்கினான்.

யுனெய்சி படித்த முதல் நாவல் பேய்க்கதை. கரும்பாலை முதலாளியின் மாளிகையில் புளோரிந்தா என்றொரு பெண்ணின் ஆவி உலவுகிறது. அது நடந்த இடமெல்லாம் தரை நனைகிறது. வேலைக்காரிகள் துடைத்துத் துடைத்து மாய்கிறார்கள். நானூறு பக்கம் துடைத்தும் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று எவரும் சொல்லவில்லை. புளோரிந்தா எப்படி இறந்தாள் என்பதும் தெரியாமலே நாவல் முடிந்தது. யுனெய்சியின் குரல் தேன். ஆயினும் ஏழாம் பலகையின் கத்தி அசையவில்லை.

"என்னக்கா, பேய் பிடிக்கலியா?" என்று எதிர்ப்பலகை ப்ளாசிதோ சீண்டினார். வாயை மூடத் தெரியாத மனிதர். கை மட்டும் பொன்.

"பேய் பிடிச்சுது. எழுதுனவனத்தான் பிடிக்கல," என்றார் எனெய்தா. "வீடு பூரா தண்ணியா ஊத்துது. ஏன் ஊத்துதுன்னு சொல்ல வேணாமா? கூரை ஒழுகுதுன்னா மேஸ்திரியக் கூப்பிடு. ஆவிய ஏன் கூப்புடுற?"

"கற்பனைக்கா."

"கற்பனைக்கும் ஒரு கணக்கு உண்டு. செத்ததச் சொல்லாம செத்தவள மட்டும் நடக்க விட்டா எப்படி? நான் மேலிலையச் சுத்திட்டு உள்ள ஒண்ணுமே வைக்காம பெட்டியில அடுக்குனா சும்மா விடுவாங்களா?"

இரண்டாவது, சரித்திர நாவல். விடுதலைப் போரில் குதிரைப்படையில் சேர்ந்த மூன்று சகோதரர்கள். தளபதியின் மீசைக்கு மூன்று பக்கம், குதிரையின் பிடரிக்கு நான்கு பக்கம். ஒவ்வொருவரும் தமக்குச் சிலை வைக்கப்போவதை முன்பே அறிந்தவர்போல் பேசினார்கள். எனெய்தா அதையும் பொறுத்தார். பொறுக்க முடியாதது வேறொன்று. வெள்ளம் பெருகிய ஆற்றில் மூவரும் இறங்கினார்கள். மறுநாள் வாசிப்பில் இருவர் கரையில் நெருப்பு மூட்டினார்கள். கடைசித் தம்பியின் பெயர் அதன்பின் வரவேயில்லை.

"மூணு பேரு எறங்குனாங்க, ரெண்டு பேரு ஏறுனாங்க," என்று ஒரு வாரம் முழுவதும் என்னிடம் புலம்பினார். "அந்தச் சின்னவன் எங்க? குதிரைக்குக் கூட ஒரு முடிவு எழுதியிருக்கான். பெத்தவ வயித்துல பொறந்த புள்ளைய ஆத்துலயே விட்டுட்டான். இவனுக்கெல்லாம் யாரு பேனாவக் குடுத்தது?"

யுனெய்சி மேடையிலிருந்து இறங்கும்போதெல்லாம் மாமியாரின் பலகையைக் கடந்தே செல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடந்தாள்.

அவள் நிலைப்பாளா என்பதற்கான வாக்கெடுப்பு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு மதியம் மின்சாரம் போயிற்று; தொலைக்காட்சியும் இல்லை, விசிறியும் இல்லை. எரிச்சல் தாளாத எனெய்தா மருமகளின் பையிலிருந்து அந்தச் சரித்திர நாவலை எடுத்து, தம்பியை நாமே தேடுவோம் என்று சன்னலோரம் அமர்ந்தார். ஆற்றங்கரை அத்தியாயத்தில் மூன்று தாள்கள் சேர்த்துக் கொண்டையூசியால் குத்தப்பட்டிருந்தன. ஊசியை உருவினார். படித்தார். பின் அலமாரியிலிருந்த பேய்க்கதையையும் எடுத்தார். அதிலும் ஓர் ஊசி இருந்தது.

அடுக்களையில் கறுப்பு மொச்சை பொறுக்கிக்கொண்டிருந்த யுனெய்சியின் முன், இரண்டு ஊசிகளையும் மேசையில் வைத்தார். அன்று நடந்ததை அவரே பின்னர் எனக்குச் சொன்னார்.

"இது யாரு குத்துனது?"

"நாந்தான், அத்தை."

"ஏன்?"

"நீங்க அங்க உக்காந்து கேப்பீங்கல்ல. தண்ணியில முழுகுறத நான் எப்படி என் வாயால படிப்பேன்?"

"இருநூறு பேரு கேக்குறாங்கடி. இருநூறு பேரு புள்ளையுமா அணையில போச்சு?"

யுனெய்சி சொத்தை மொச்சை ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"மூணு மாசமா ரெண்டு எழுத்தாளனுங்களையும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். திருடன்னேன், சோம்பேறின்னேன். கடைசியில திருடி என் வீட்டுல மொச்சை பொறுக்குறா. நாளைக்கு மேடையில உண்மையச் சொல்லிட்டு, விட்டதையெல்லாம் படி."

"சொன்னா என்னைய எறக்கிருவாங்க. பக்கத்த முழுங்குறவள யாரு வச்சுப்பாங்க? திரும்பக் கொட்டகைக்குத்தான் போகணும்."

"எறக்குனா எறக்கட்டும். எனக்காகப் பொய் சொன்ன மேடையில நீ உக்காந்திருக்கறத விட அது மேல்."

திங்கள் மதியம் யுனெய்சி ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். "தோழர்களே, ரெண்டு நாவல்லயும் நான் பக்கம் விட்டிருக்கேன். தப்பு என்னுது. இப்பப் படிக்கிறேன்." ஏன் விட்டாள் என்று அவள் சொல்லவில்லை. நான்கைந்து கத்திகள் தரையில் விழுந்தன. அவள் காத்திருந்து, மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினாள். கிணற்றில் தள்ளப்பட்ட புளோரிந்தா அரைப் பக்கத்தில் இறந்தாள். கடைசித் தம்பி ஆறு பக்கம் முழுவதும் இறந்தான்: நீரின் நடுவே கையை உயர்த்தி அண்ணன்மாரின் பெயரைச் சொல்லி, தாய்நாட்டை வாழ்த்தி, அம்மாவுக்கு ஒரு செய்தியும் சொல்லி.

படிக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே காரணம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விழுந்த கத்திகளை எடுப்பதற்கு உரியவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். எவரும் ஏழாம் பலகையை நேராகப் பார்க்கவில்லை. எனெய்தாவின் கையில் மேலிலை ஒன்று கிழிந்தது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். வாசிப்பு முடிந்தது. ஒரு கத்தியும் தட்டவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் எனெய்தா. அவர் குரலை உயர்த்தவில்லை; ஆயினும் கூடம் முழுவதும் கேட்டது.

"ஏன்க்கா?" என்றார் ப்ளாசிதோ. அன்று அவர் சீண்டவில்லை.

"தண்ணிக்குள்ள போறவன் இவ்வளவு பேசுவானா? என் அமவுரி ஒரு சத்தமும் போடல. கரையில அவன் சிநேகிதனுங்க தூண்டில்ல புழு கோத்துட்டிருந்தானுங்க. தலைய நிமிந்து பாத்தா அவன் இல்ல. அவ்வளவுதான். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனான்னு தெரிஞ்சிருந்தா நான் அதையே பிடிச்சுட்டு இருந்திருப்பேன். இந்த மனுஷன் ஆறு பக்கம் பேச வச்சிருக்கான்."

பதினோராண்டுகளில் அந்தப் பெயர் அந்தக் கூடத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. அவர் கத்தியைப் பலகையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தார். தட்டவில்லை, தரையிலும் போடவில்லை. எனக்கு எங்கள் தேவாலயத்தில் பாடும் பழந்துதிகள் நினைவுக்கு வந்தன. ஆழத்திலிருந்து கூப்பிடுகிறேன் என்று பாடியவன் ஆழத்தை அறிந்திருந்தான். ஆகவே அவன் பாட்டு ஒரே வரியில் நெஞ்சை அடைத்தது. இந்த நாவலாசிரியர் கரையில் நின்று எழுதியவர். எனெய்தாவின் சினம் எனக்கும் தொற்றிக்கொண்டது. மாலைவரை ஒரு சுருட்டும் எனக்கு ஒழுங்காக அமையவில்லை.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. யுனெய்சி நிலைக்க வேண்டும் என்போர் கை உயர்த்துங்கள் என்று குழுத்தலைவர் கேட்டார். எங்கள் வரிசை ஏழாம் பலகையைப் பார்த்தது. எனெய்தா சுற்றிக்கொண்டிருந்த சுருட்டை முடித்து, நுனியை நறுக்கி, கீழே வைத்தார். அதன் பிறகு கையை உயர்த்தினார். மூன்றாம் வரிசை உயர்ந்தது. நான்காம் வரிசை உயர்ந்தது.

"கத்தி தட்டல, கைய மட்டும் தூக்குறீங்க," என்றார் ப்ளாசிதோ. "மருமகள்னதும் எளகிட்டீங்களா?"

"கத்தி எழுதுனவனுக்கு. அவனுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றார் எனெய்தா. "கை படிச்சவளுக்கு. வேலை போகும்னு தெரிஞ்சே ஒரு எழுத்து விடாமப் படிச்சாளே, அதுக்கு. இன்னொரு தடவ ஊசி குத்துனா மொதல்ல விழுறது என் கத்திதான். அதையும் எழுதி வச்சுக்கோங்க."

யுனெய்சி மேடையிலிருந்து இறங்கி, அன்று முதன்முறையாக நிமிர்ந்தபடி அந்தப் பலகையைக் கடந்தாள். அடுத்த நாவலுக்கான வாக்கில் வென்றது மற்றொரு பேய்க்கதை. எனெய்தா நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "எப்படிச் செத்துதுன்னு மட்டும் எழுதியிருக்கான்னா போதும்," என்று பெருமூச்செறிந்தார்.

புயல்நீரில் மூவர் தத்தளித்த சிறு படகை நோக்கி, உடை நனையாமல் அலைமேல் மிதந்து வந்து, எங்கள் தீவைக் காக்கும் கருணை மாதாவே, எனெய்தா கார்பஹாலின் வீட்டை உன் கண்ணில் வைத்துக்கொள். அவ்வீட்டில் மூச்சு தடையின்றி ஓடுக. அங்கே எந்தப் பக்கமும் ஊசி குத்தப்படாதிருக்க. லெயோவெலுக்கும் யுனெய்சிக்கும் பிறக்கவிருக்கும் பிள்ளைகள் நீரில் இறங்கும்போதெல்லாம் கரையேறி வருக. கரையேறாத ஒருவனின் பெயர் அந்த மேசையில் அச்சமின்றி உச்சரிக்கப்படுக.