வாவிப் பக்கத்து யன்னல்கள்

புதன்கிழமை, காலை 6.10. மட்டக்களப்பு நகரில் நான் தங்கியிருந்த விடுதி வாசலுக்குச் சொன்ன நேரத்துக்கே ஓட்டோ வந்துவிட்டது. போய்த் திரும்ப, இடையில் காத்து நிற்க, எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய் என்று முதல் நாளே பேசியிருந்தோம். கொக்கட்டிச்சோலையைத் தாண்டி வாவிக்கரையில் இருக்கும் ஒரு கிராமத்துக்குப் போகவேண்டும். ஓட்டோக்காரரின் கணக்கில் இருபத்து நான்கு கிலோமீற்றர்.

நான் கொழும்பில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். வரைந்ததில் பெரும்பகுதி பள்ளிக்கூடக் கட்டடங்கள். மேசையோடு என் வேலை முடிந்துவிடும்; கட்டி முடித்த ஒன்றைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை. ஒரு கல்யாணத்துக்காக மட்டக்களப்புக்கு வந்த இடத்தில் இரண்டு நாள் மிஞ்சியது. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் வரைந்த படத்தின்படி இங்கே ஒரு பள்ளிக்கூடம் நிற்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அதிபருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ஏதாவது பாராட்டுக் கிடைக்கும் என்ற நப்பாசையும் இருந்தது, மறைப்பானேன்.

6.35க்கு ஆரையம்பதியில் ஒரு பிளேன்ரீ, ஐம்பது ரூபாய். ஓட்டோக்காரர் காத்தான்குடிக்காரர். தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்:

"பள்ளிக்கூடத்தில சொந்தக்காரர் ஆரும் இரிக்காங்களா, சேர்?"

"இல்ல. கட்டடத்தப் பாக்கப் போறன்."

"கட்டிடத்தையா? அதில பாக்கிறதுக்கு என்ன இரிக்கி?"

6.50க்கு வாவிக்குக் குறுக்கே போகும் மண்முனைப் பாலத்தைக் கடந்தோம். பாலம் கட்டுமுன் இங்கே வாகனங்களை ஏற்றி இறக்க ஒரு தட்டைப் படகு ஓடியதாம். பாலத்துக்கு அப்பால் படுவான்கரை, வாவியின் மேற்குப் பக்கம். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கொக்கட்டிச்சோலைக்குப் பிறகு வலது பக்கம் முழுவதும் வட்டைதான். வயல்வெளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இடது பக்கம் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் வாவி. அந்த வீடுகளில் ஒன்றில்கூட வாவிப் பக்கம் பெரிய யன்னல் இல்லை. இவ்வளவு அழகான தண்ணீரைப் பின்னால் வைத்துக்கொண்டு வெறும் சுவரை எழுப்பியிருக்கிறார்களே என்று நினைத்தேன். அதற்கு மேல் என் மூளை வேலை செய்யவில்லை.

7.25. பள்ளிக்கூடம் வீதிக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. என் கட்டடம் வீதியைப் பார்த்தபடி நீளமாக, லட்சணமாக நின்றது. நடுவில் திறப்பு விழாக் கல். நாலு வகுப்பறைகள், முன்னால் ஆறடி விறாந்தை, பின்னால் வரிசையாகப் பெரிய யன்னல்கள். படத்தில் இருந்தது அங்குலம் பிசகாமல் எழுந்திருந்ததில் எனக்கு ஒரு பெருமை. அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

வகுப்பறைகளில் ஒரு பிள்ளைகூட இல்லை. மேசைகளில் புத்தகப் பைகள் மட்டும் கிடந்தன. பிள்ளைகள் எல்லோரும் விறாந்தையில் பாய் விரித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரின் வெளிப்பக்கம் முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம் வரை கறுப்பு மை பூசியிருந்தது. நாலு வகுப்புக்கும் அதுதான் கரும்பலகை.

இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு விறாந்தைத் தூணில் சிவப்புத் துணி தொங்கியது. அந்தத் தூணுக்கு நேரே இருந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மட்டும் வாய்விட்டு வாசித்தார்கள். மற்ற மூன்று வகுப்பும் சத்தமில்லாமல் எழுதின. பதினைந்து நிமிடத்தில் துணி அடுத்த தூணுக்குப் போனது. இரண்டாம் ஆண்டு வாயை மூட, மூன்றாம் ஆண்டு வாய்ப்பாடு சொல்லத் தொடங்கியது. சத்தம் தடுக்கத்தானே வகுப்புக்கு வகுப்பு நான் சுவர் வைத்தேன்? அந்தச் சுவர்கள் உள்ளே புத்தகப் பைகளுக்குக் காவல் இருந்தன.

அதிபர் என்னைக் கிறேஸ் ரீச்சரிடம் ஒப்படைத்தார். ஐந்தாம் ஆண்டு ஆசிரியை. நகரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருபவர். கொழும்பிலிருந்து கட்டடம் பார்க்க ஒருவர் வருகிறார் என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் ஏன் வெளியே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"உள்ளுக்கு வாங்க, சேர். இதில இருந்து பலகையப் பாருங்க," என்றார்.

விறாந்தைப் பக்க வரிசையில் ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்தேன். நேரம் 7.50. அடுத்த வகுப்பைப் பிரிக்கும் குறுக்குச் சுவரில் இருந்த கரும்பலகையில் அவர் ஏதோ எழுதினார். எழுதும் கை தெரிந்தது, எழுத்துத் தெரியவில்லை. யன்னலால் நேரே சூரியன். அது போதாதென்று வாவித் தண்ணீரில் பட்டு வந்த வெளிச்சம் வேறு. பலகை தகரம் போலப் பளபளத்தது. யன்னலோரம் போய் இருந்து பார்த்தேன். அங்கே எழுத்துத் தெரிந்தது, ஆனால் பிடரி வெந்தது.

"துணி கட்டினா என்ன?" என்றேன்.

"கட்டினம், சேர். உரப்பை கூடக் கட்டிப் பாத்தம். காத்தும் இல்ல, வெளிச்சமும் இல்ல. மேல தகரம். பத்து மணிக்குள்ள புள்ளையள் சோந்து விழுந்திருதுகள். இப்ப இடைவேளை வரைக்கும் விறாந்தை. வெய்யில் மேல ஏறின மறுகா உள்ளுக்கு."

பிறகு கேட்காமலே ஒரு கதை சொன்னார். முந்தின வருடம் நான் இருந்த அதே கதிரையில் டிலுஷா என்றொரு பிள்ளை இருந்தாள். கணக்கை எப்போதும் பிழையாகவே பார்த்தெழுதுவாள். எட்டு மூன்றாகும், ஆறு பூச்சியமாகும். கிறேஸ் ரீச்சர் அவளை மெல்லக் கற்கிற பிள்ளை என்று குறித்தார். தாயைக் கூப்பிட்டும் அதைச் சொன்னார். புலமைப்பரிசில் சோதினை முடிந்து, பிள்ளை பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கேயும் அந்தக் குறிப்பின்படி கடைசிப் பிரிவில் போட்ட பிறகுதான், ஒரு நாள் காலையில் பேனை விழுந்ததென்று குனிந்த ரீச்சர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து நிமிர்ந்திருக்கிறார்.

"பலகையில ஒண்டும் இல்ல, சேர். வெள்ளை. அண்டைக்கு வீட்ட போய்ச் சாப்பிடேல்ல நான். அடுத்த கிழமை மை வாங்கி இந்தச் சுவரப் பூசினன்."

8.40. ரீச்சர் என்னைப் பக்கத்து வெறுங்காணிக்குக் கூட்டிப் போனார். முளை அடித்து நூல் கட்டியிருந்தது. இரண்டாவது கட்டடம் வருகிறது. வெள்ளிக்கிழமை காலை 9.12க்கு அத்திவாரம். நூலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அதே படம், அதே திசை, அதே யன்னல்கள்.

"இந்தக் கட்டிடமும் இப்பிடியே எழும்பிச்செண்டா இன்னும் நாலு வகுப்பு விறாந்தைக்கு வரும். இது கிறுகிக் கிடக்கோணும், சேர்." கையால் கால்வட்டம் திருப்பிக் காட்டினார். "ஆருக்கிட்டச் சொல்லுற? படத்தில அப்பிடித்தான் கிடக்கெண்டுறாங்க. இத வரைஞ்ச ஆள் எங்க இருந்து வரைஞ்சாரோ தெரியா."

"கொழும்பில இருந்து," என்றேன். "நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

நடந்ததைச் சொன்னேன். முதலில் நான் வரைந்த படத்தில் யன்னல்கள் வடக்கையும் தெற்கையும்தான் பார்த்தன. கட்டடத்தின் முகம் வீதிக்குத் தெரியவேண்டும், கல்லோடு சேர்த்துப் படம் எடுக்கவேண்டும், ஊராரும் அதைத்தான் விரும்புவார்கள் என்று மேலே இருந்த ஒருவர் சொன்னார். தாளைக் கால்வட்டம் திருப்பினேன். பத்து நிமிட வேலை. கிழக்கே வாவி இருப்பதும் அந்தத் தாளில் நீல மையால் குறித்திருந்தது. நீலம் அழகாக இருக்கிறது என்று நினைத்த ஞாபகம்.

9.30. ரீச்சர் ஆள் அனுப்பியதில் சாமித்தம்பி என்பவர் சைக்கிளில் வந்தார். பள்ளிக்கூட அபிவிருத்திக் குழுவின் செயலாளர். வட்டையில் மூன்று ஏக்கர் செய்பவர். வீதிக்கு முகம் வேண்டுமென்று ஊர் கேட்டதா என்று அவரிடம் கேட்டேன்.

"எங்களுக்கிட்ட ஆர் ஐயா கேட்ட? வாவிப் பக்கம் யன்னல் வெச்சு இஞ்ச ஒருத்தனும் வீடு கட்டமாட்டான். விடிஞ்சு வெய்யில் ஏறினா கண்ணத் திறக்கேலாது."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

"கொழும்பில படிச்ச ஆக்கள் வரைஞ்ச படம். பள்ளிக்கூடத்துக்கு வேற ஏதும் கணக்கு இருக்குமாக்கும் எண்டு நினைச்சம்."

ஊருக்கு அதுதான் விருப்பம் என்று நாங்கள் அங்கே நினைத்தோம். எங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று ஊர் இங்கே நினைத்தது. இரண்டு மரியாதைக்கும் நடுவில் பதினைந்து வருடம் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்கள். எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது.

வேலைக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு அதிபரின் தொலைபேசியில் பேசினேன். அளவு மாறாமல் திசை மட்டும் மாறுவதென்றால் குழுவின் கடிதமும் அதிபரின் கையொப்பமும் போதும் என்றார். "ஆனா வீதிக்குப் பக்கச் சுவர்தான் தெரியும். கல்லு எங்க வைக்கிற?" என்று கேட்டார். கொப்பித் தாள் ஒன்றில் அந்த ஒடுங்கிய சுவரையே முகமாக வரைந்தேன்: மேலே பள்ளிக்கூடத்தின் பெயர், நடுவில் கல், இரு பக்கமும் சின்னத் தூண். என் வாழ்நாளில் கட்டும் இடத்தில் நின்று வரைந்த முதல் படம் அது. சாமித்தம்பி எழுதி அதிபர் கையொப்பமிட்ட கடிதத்தோடு சேர்த்துப் படம் பிடித்து அனுப்பினோம். பத்து நிமிடத்தில் சம்மதம் வந்தது.

12.30க்கு மேசனார் பழைய முளைகளைப் பிடுங்கிப் புது நூல் கட்டி முடித்தார். கிறேஸ் ரீச்சர் நூலைத் தாண்டி உள்ளே போய் நின்று வாவியைப் பார்த்தார், பிறகு பலகை வரப்போகும் பக்கத்தைப் பார்த்தார். நன்றி ஏதும் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் ஒன்றும் செய்யவும் இல்லை.

1.40. பள்ளி விட்டு ஓட்டோவில் ஏறும்போது ரீச்சர் வந்தார்.

"போற வழியில டிலுஷாட வீடு இருக்கு, சேர். அவட அம்மாக்கிட்ட ஒருக்காச் சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைக்கிறா. படம் வரைஞ்ச ஆள் சொன்னா நம்புவா."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

அறுநூறு மீற்றரில் வீடு. தாய் முன்னறையில் தையல் மெசினில் இருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கிட்டச் சொல்லி என்ன? அவக்கிட்டச் சொல்லுங்க," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

டிலுஷா சீருடையோடு, சோற்றுக் கையோடு வந்தாள். பதினொரு வயது. அவளுக்கு நேரே நின்று சொன்னேன்:

"நான் வரைஞ்ச கட்டடம் பிழை. நீ இருந்த இடத்தில பலகை தெரியாது. இண்டைக்கு நானும் அதில இருந்து பாத்தன், எனக்கும் தெரியேல்ல. பிழை உன்னில இல்ல."

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு, "அப்ப எனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாது. வராதெண்டு உனக்குச் சொன்னது பிழை."

அதை அவள் ஏற்றுக்கொண்டாளா என்று முகத்தில் தெரியவில்லை. தாய் மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரிசையில நாங்க அஞ்சு பேர்," என்றாள் டிலுஷா. "அஞ்சு பேரையும் மக்கெண்டுதான் சொன்னவங்க. அவங்களுக்கும் சொல்லுவீங்களா?"

அவள் கையைக் கழுவி, சோற்றை மூடி வைத்துவிட்டு வந்தாள். தாய் மெசினை விட்டெழுந்து கூடவே ஓட்டோவில் ஏறினார். ஓட்டோக்காரர் எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டிருந்தார் போலும். வண்டியைக் கிளப்புமுன் என் பக்கம் திரும்பினார்.

"கட்டிடம் எழும்பிப் பதினஞ்சு வருசம் எண்டீங்க, சேர். இது ஒரு வருசத்து வரிசைதானே?"

"ஓம்," என்றேன்.

"முதல்ல சுதன்ட வீடு. கோயிலுக்குப் பின்னால," என்றாள் டிலுஷா.