மெர்சிங் சாலையில் பூட்டிய கார்

இது நடந்தது. 2024 ஜூலை 18, வியாழக்கிழமை. நேரம் மத்தியானம் மூணே முக்கால். மண்டையைப் பிளக்கிற வெயில். அந்த நேரத்தில் பேயா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ரூபேந்திரனும் அப்படிக் கேட்கிற ஆள்தான். அவன் இதை வெளியே சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் பயமில்லை. அன்றைக்குத் தான் செய்ததைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ரூபேந்திரனுக்கு, சிங்கப்பூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற தெப்ராவில் கார் ஏர்கோன், அதாவது ஏசி, பழுதுபார்க்கிற கடை. பத்தொன்பது வருஷமாக அதே தொழில். கேஸ் ஏற்றுவது, கம்ப்ரசர் மாற்றுவது, டேஷ்போர்டையே கழற்றி உள்ளே இருக்கிற கூலிங் காயிலை எடுத்துவிட்டுப் புதுசு போடுவது. காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டே எந்தச் சாமான் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். கவுண்டரில் அவன் மனைவி பிரேமலா இருப்பாள்.

ஏப்ரல் மாதம் யோகேஸ்வரி அக்கா முதன்முதலாக வந்தார். வயது ஐம்பத்தெட்டு. சிங்கப்பூர் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து நின்றவர். தனி ஆள். வாரம் ஒரு தடவை காஹாங்கில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கத் தானே காரோட்டிக்கொண்டு போவார். கார் பழசு. அந்த வருஷம்தான் யாரிடமோ வாங்கியிருந்தார்.

"தம்பி, ஏர்கோன் போட்டா பின் சீட்டுல யாரோ மூச்சு விடற மாதிரி சத்தம் வருது."

காற்றைத் தள்ளுகிற புளோவருக்குள் காய்ந்த இலை விழுந்திருக்கும் என்று கழற்றிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தான். அடுத்த வாரமே திரும்பி வந்தார். புளோவர் மோட்டாரை மாற்றினான். மறுபடி வந்தார். இந்தத் தடவை டேஷ்போர்டை இறக்கி, கூலிங் காயிலையும் வால்வையும் சேர்த்தே மாற்றினான். ஒரு நாள் முழுக்க ஆனது. காற்று ஐஸ் மாதிரி வந்தது. கண்ணை மூடிக் கேட்டான். ஒரு குறையும் இல்லை.

நாலாவது தடவை அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. கடையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"இன்னும் கேக்குது தம்பி. கழுத்துக்குப் பின்னால சில்லுன்னு வேற இருக்கு."

ரூபேந்திரனுக்கு அலுத்துவிட்டது. ஒரு காரின் பானட்டுக்குள் குனிந்திருந்தவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அக்கா, அந்தக் கார்ல எல்லாத்தையும் மாத்தியாச்சு. இனிமே ஓட்டுற ஆளைத்தான் மாத்தணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அக்காவும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் கோணியது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு தடவை எஞ்சின் நின்றுபோனது.

கடை காலியானதும் பிரேமலா கேட்டாள்: "அவங்க முகத்தைப் பாத்தீங்களா?"

அவன் பார்க்கவில்லை. அவள் கவுண்டரைத் துடைக்கத் திரும்பிவிட்டாள். அதுதான் அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

ஜூலை 18 அன்று மத்தியானம் அக்கா மறுபடி வந்தார். இந்த முறை கடைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றார். கடையில் வேறு ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒரே ஒரு தடவை என்கூட காஹாங் வரைக்கும் வாங்க. நீங்களே ஓட்டுங்க. ஒண்ணும் கேக்கலைன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

வேலை இருக்கிறது என்று சொல்ல ரூபேந்திரன் வாயைத் திறந்தான். கவுண்டரிலிருந்து பிரேமலா அவனைப் பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டான்.

2:05க்குப் புறப்பட்டார்கள். அவன் ஓட்டினான். அக்கா பக்கத்தில். ஏர்கோன் காற்று வருகிற ஓட்டையில் அவன் தன் தெர்மாமீட்டரைச் செருகி வைத்திருந்தான். எட்டு டிகிரி காட்டியது. நல்ல குளிர். ஹைவே முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மனசுக்குள் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. பாத்தீங்களா அக்கா என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி.

குளுவாங் தாண்டி மெர்சிங் சாலையில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள். முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதுவும் ஒரு தோட்டத்துக்குள் திரும்பிவிட்டது.

மணி 3:38.

"இனிமே வரும்" என்றார் அக்கா.

தெர்மாமீட்டர் ஏழுக்கு இறங்கியது. ஆறு. ஐந்து.

அப்போதுதான் கேட்டது.

ஹ்ஹ்ஹ்... ஹ்ஹ்ஹ்...

நிதானமான சத்தம். இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு. நன்றாகத் தூங்குகிற ஆள் விடுவது போல. பின் சீட்டிலிருந்துதான் வந்தது.

காற்றுக் குழாயில் பிளவு இருக்கும் என்று நினைத்தான். புளோவர் வேகத்தைக் குறைத்தான். காற்று குறைந்தது. சத்தம் குறையவில்லை. ஏர்கோனை அணைத்தான். கம்ப்ரசர் டக்கென்று ஓய்ந்தது. காற்று நின்றது.

ஹ்ஹ்ஹ்... ஹ்ஹ்ஹ்...

மணி 3:46. காரை ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினான். குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, புளோவர் ஃபியூஸைப் பிடுங்கினான். அது அவன் உள்ளங்கையில் இருந்தது. இனி அந்தக் காரில் காற்று வர வழியே இல்லை.

தெர்மாமீட்டரைப் பார்த்தான்.

நாலு.

மூணு.

"இப்ப கேக்குதா தம்பி?" என்று அக்கா கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். குத்திக்காட்டவில்லை. நாலு மாதமாக ஒருத்தராவது ஆமாம் என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிப்போன குரல் அது.

அவன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். சீட் காலி. ஆனால் இடது பக்க ஜன்னலில் பனி பிடித்திருந்தது. வட்டமாக. உட்கார்ந்த ஆளின் முகம் இருக்கிற உயரத்தில். மங்கியது. மறுபடி பிடித்தது. மங்கியது.

மூச்சோடு சேர்ந்து.

தொழில் தெரிந்தவன் அவன். வெளியே வெயில், உள்ளே குளிர் என்றால் பனி கண்ணாடிக்கு வெளிப்பக்கம்தான் பிடிக்கும்.

இது உள்பக்கம்.

மணி 3:52.

சத்தம் நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று... மனசுக்குள் எண்ணினான்.

பிறகு வந்தது.

ஹ்ஹ்ஹ்...

அவன் வலது காதில்.

கதவைத் திறந்தான். அக்கா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க."

உதறினான். அந்த அம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளினான். இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான். ஓடினான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பினான்.

சாவி அவன் கையில்தான் இருந்தது. பட்டனை அழுத்தினான்.

டிக்.

நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

உள்ளே இருப்பது வெளியே வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அப்போது அவன் நினைப்பு. அக்கா உள்ளே இருப்பதும் தெரியும். தெரிந்தேதான் அழுத்தினான்.

ஓடினான். சாலை வளைவுக்கு அப்பால் ஓர் இளநீர்க் கடை. கடைக்காரர் யஹ்யா பாய், அறுபது வயசுக்காரர். ரூபேந்திரன் போய்ச் சேர்ந்தபோது மணி 4:05.

"என்னப்பா ஆச்சு?"

"கார் சூடாயிடுச்சு பாய்."

"தனியாவா வந்தே? கார்ல யாரும் இருக்காங்களா?"

இப்போது இதைச் சொல்லும்போதும் இந்த இடத்தில் ரூபேந்திரன் தரையைப் பார்ப்பான்.

"இல்ல பாய். யாரும் இல்ல."

ஒரு பொம்பளை இருக்கிறார் என்றால், ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று பாய் கேட்பார். அதற்கு என்ன சொல்வது? அதனால் இல்லை என்று சொன்னான். இளநீரைக் குடித்தான். நிழலில் உட்கார்ந்தான். கார் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தான்.

கடைசியில் பாய்தான் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். "வா, இஞ்சின் ஆறியிருக்கும். போய்ப் பாக்கலாம்."

4:31க்குக் கார் நின்ற இடத்துக்கு வந்தார்கள். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியபடி, கொளுத்துகிற வெயிலில் கார் நின்றது. முன் சீட்டில் யோகேஸ்வரி அக்கா உட்கார்ந்திருந்தார். சேலையெல்லாம் வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே இருந்து கதவைத் திறக்கலாம். அவர் திறக்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

யஹ்யா பாய் அக்காவைப் பார்த்தார். அப்புறம் ரூபேந்திரனைப் பார்த்தார். தண்ணீர்ப் பாட்டிலை அவனிடம் கொடுக்கவில்லை. தானே போய், அவன் பூட்டைத் திறந்ததும் கதவைத் திறந்து, அக்காவிடம் நீட்டினார்.

காருக்குள்ளிருந்து அனல் அடித்தது. தெர்மாமீட்டரில் நாற்பத்தொன்று.

அக்கா முழுப் பாட்டிலையும் குடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சாவி குடுங்க தம்பி. நானே ஓட்டிக்கிறேன். வரீங்களா?"

"நான் பஸ்ல போயிக்கிறேன்கா."

ஃபியூஸை மட்டும் மாட்டிக் கொடுத்தான். அதற்கு மூன்று தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது. கார் காஹாங் பக்கம் போய் மறைந்தது.

பாய்தான் அவனைப் பைக்கில் குளுவாங் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். சின்ன மேட்டில்கூடப் பைக் திணறியது. பாய் கியரை இறக்கி இறக்கி ஓட்டினார். இறங்கும்போது ரூபேந்திரன் நன்றி சொன்னான். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி 8:40. காரில் என்ன கோளாறு என்று பிரேமலா கேட்டாள்.

"குழாய்ல சின்ன அடைப்பு. சரி பண்ணிட்டேன்" என்றான்.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்த பிரேமலா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "யோகேஸ்வரி அக்காவைப் பாத்தேன். நீங்க போய் வந்ததிலிருந்து கார்ல ஒரு சத்தமும் இல்லையாம். உங்களை அவ்வளவு நல்லவிதமா பேசுறாங்க. எனக்கே பெருமையா இருந்துச்சு."

அன்று இரவு அவன் சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தான். அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5:30க்கு அக்கா வீட்டுக்குப் போனான். வாசலில் அந்தக் கார் நின்றது. அதைப் பார்க்காமல் உள்ளே போனான். அக்கா காப்பி கொடுத்தார். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"விடுங்க தம்பி. யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க."

"ஓடுனதுகூட சரிக்கா. பூட்டிட்டு ஓடினேன். அந்தக் கடையில கேட்டப்ப கார்ல யாருமே இல்லைன்னு சொன்னேன்."

அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"மன்னிப்பு நான்தான் கேக்கணும் தம்பி. அன்னிக்கே உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்கணும். வாய் வரல."

"என்னக்கா?"

"நீங்க இறங்கி உங்க கதவைச் சாத்துனீங்க. அதுக்கப்புறம்..."

வாசலில் நின்ற காரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பின் கதவு தொறந்துச்சு. மெதுவா. ஆள் இறங்கற மாதிரி கார் ஒரு பக்கமா அசைஞ்சுச்சு. அப்புறம் தானா சாத்திக்கிச்சு. அதுக்கப்புறம்தான் நீங்க திரும்பி நின்னு பூட்டுனீங்க."

காப்பி ஆறிவிட்டது.

"அடுத்த நிமிஷமே உள்ளே சூடு வந்துடுச்சு. எத்தனை மாசம் கழிச்சு அந்தச் சூடு! எனக்கு அழுகையே வந்துடுச்சு தம்பி. சந்தோஷத்துல. எங்க வெளிய வந்தா திரும்ப ஏறிக்குமோன்னு கதவைக்கூடத் தொறக்கல. அது உங்க பின்னால போறது தெரிஞ்சும் ஒரு குரல் குடுக்கல. இதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ரூபேந்திரனும் குனிந்துகொண்டான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா."

6:10க்கு வெளியே வந்து தன் வேனில் ஏறினான். இரண்டு பக்க ஜன்னலையும் முழுசாக இறக்கினான்.

ஜூலை 18க்கு அப்புறம் அவன் அந்த வேனை ஜன்னல் ஏற்றி ஓட்டியதே இல்லை. ஏர்கோன் கடைக்காரன் வேர்த்து ஒழுக வண்டி ஓட்டுகிறான் என்று தெப்ராவில் எல்லாரும் கேலி பண்ணுகிறார்கள். பிரேமலாவும் கேட்டுப் பார்த்துவிட்டாள். கேஸ் ஏற்ற நேரம் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறான்.

ஜன்னல் திறந்திருந்தால் காற்று இரையும்.

அந்த இரைச்சலில்... பின்னாலிருந்து வருவது அவ்வளவாகக் கேட்காது.