நார்மல் அக்காவின் ரத்தம்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு நார்மல் அக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான். ஊரார் ரத்தத்தை அளக்கிற மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த ஒரு ரத்தம் வேண்டும். அதற்கென்று சீல் வைத்த குப்பி விற்கிறார்கள். எங்கள் முதலாளி டாக்டரம்மா எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். அதனால் பதினோரு வருடமாகத் திங்கட்கிழமை காலையில் அக்காவின் ரத்தம்தான் முதலில் மெஷினுக்குள் போகும். கொழுப்பு நூற்று எழுபத்தெட்டு. ஒன்றிரண்டு கூடும், குறையும். அந்த எண் வந்துவிட்டால் மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று கதவைத் திறப்போம். இது முறையில்லை என்று மூன்று பேருக்குமே தெரியும்.

நான் ரிப்போர்ட் டைப் செய்கிறவள். வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் வேலைக்குப் போனேன் என்றாலும் பொய்யில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை. ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கடல் கடந்து இருந்த தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் பேசுவாள். ஒருமுறை நான் போனபோது, இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டாவது டம்ளரைத் தேடி எடுக்க வெகுநேரம் ஆனது.

ஐம்பது தாண்டிய பிறகு அந்த எண் ஏறத் தொடங்கியது. நூற்றுத் தொண்ணூறு. இருநூற்று ஐந்து. அக்கா முதலில் ரத்தத்தோடு கலக்கிற சோதனை மருந்தைச் சந்தேகப்பட்டுப் புதுப் புட்டி திறந்தாள். குழாய்களைக் கழுவினாள். மெஷினுக்குள் இருக்கும் விளக்கை மாற்றினாள். அவள் சாப்பாடு மாறவில்லை, நடை மாறவில்லை, எடைகூட மாறவில்லை. ஆகவே மாறியது மெஷின்தான் என்று முடிவு கட்டினாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதே சமயத்தில் எங்களுக்குள் மின்விசிறிச் சண்டை வேறு. அவள் தன் பக்கம் திருப்புவாள், என் காகிதங்கள் பறக்கும். "என்னக்கா, உள்ள அடுப்பு வச்சிருக்கீங்களா?" என்று கேட்பேன். அவள் சிரித்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொள்வாள். எனக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. இருந்தும் அது ஏன் என்று எனக்குப் புத்தி ஓடவில்லை.

இருநூற்று இருபத்தொன்று வந்த திங்கட்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மெஷினுக்குள் ஒரு பெருக்கு எண் உண்டு. அதைக் குறைத்தால் எல்லோருக்கும் கொழுப்பு குறைவாகக் காட்டும். தன் ரத்தம் மறுபடி நூற்று எழுபத்தெட்டு காட்டும் வரை அக்கா அதைக் குறைத்தாள். "இப்பதான் வழிக்கு வந்துச்சு" என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஐந்து வாரம் கழித்து மெஷின் கம்பெனிக்காரர் சர்வீஸுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த குப்பியில் இருநூறு என்று அச்சிட்டிருந்தது. மெஷின் நூற்று அறுபத்தொன்று என்றது. பழைய எண்ணைத் திரும்பப் போட்டார், சரியாக இருநூறு வந்தது. அக்காவின் ரத்தத்தைப் போட்டார், இருநூற்று இருபத்திரண்டு.

"மெஷின் மேல தப்பில்லம்மா. உங்க ரத்தம்தான் மாறியிருக்கு" என்றார்.

சாயங்காலம் கையெழுத்துப் போட வந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், அக்கா கழுத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "உனக்கு மாசாமாசம் வர்றது நின்னு எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

"ஒன்றரை வருஷம் டாக்டர்."

"அதான். நம்ம பொம்பளைங்க ஹார்மோன் இருக்கிற வரைக்கும் கெட்ட கொழுப்பை ரத்தத்துலேர்ந்து எடுக்க ஈரலுக்கு ஒத்தாசை பண்ணும். அது குறைஞ்சா கொழுப்பு அங்கேயே தங்கிடும். நிக்கிற சமயத்துல ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே ஏறிடும், நீ பழையபடியே சாப்பிட்டாலும். யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சொல்றது" என்றாள் அக்கா. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னாள். மூன்று பெண்கள் வேலை பார்க்கிற இடம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஐந்து வாரத்தில் தொண்ணூற்று நான்கு பேருக்குத் தவறான ரிப்போர்ட் போயிருந்தது. ஒவ்வொருவருக்கும் அக்காவே போன் போட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள். தொண்ணூற்று மூன்று பேர் கிடைத்தார்கள். ஒரு தையல்காரம்மா மட்டும் எடுக்கவில்லை. போன வருடம் நெஞ்சுவலி வந்து மாத்திரையில் இருந்தவள். நூற்று அறுபத்தெட்டு என்று நாங்கள் கொடுத்த காகிதத்தைப் பார்த்து, "அப்போ இனி மாத்திரை எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே போனவள். உண்மையில் அது இருநூற்று ஒன்பது.

நேரில் போனோம். கடை பூட்டியிருந்தது. அக்கா பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான், "மக வீட்டுக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வந்துருவாங்க" என்று எங்கள் வயிற்றில் பால் வார்த்தார்.

மறுநாள் அவள் இருந்தாள், ஒரு ரவிக்கையைப் பிரித்தபடி. அக்கா நின்றுகொண்டே சொன்னாள்: "மெஷின் சரியாத்தாங்க இருந்துச்சு. எனக்குத்தான் நின்னு போச்சு. அது என் ரத்தத்துல தெரிஞ்சப்ப நான் நம்பல. என்னைப் பழையபடி காட்டணும்னு உங்க நம்பரையும் குறைச்சுட்டேன். மாத்திரையை விட்டுடாதீங்க."

தையல்காரம்மா ரவிக்கையைக் கீழே வைத்தாள். "உங்க பேப்பரை நம்பித்தாங்க நிறுத்துனேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றாள். பிறகு இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து, எங்கள் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சீல் வைத்த குப்பி வந்துவிட்டது. டாக்டரம்மா அக்காவுக்கு மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் போதும் என்றார். அவர் போன பிறகு, "மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"பயப்படாதீங்கக்கா. டாக்டர்தான் சொல்லிட்டாங்களே."

"பயம் இல்லடி. ரத்தம் எடுத்ததும் நீ பஞ்சு வச்சு என் கையை அமுக்கிப் பிடிச்சுக்குவியே. வாரத்துல என்னை ஒருத்தர் தொடுறது அது ஒண்ணுதான்."

இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. பதினோரு வருடமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பிடித்திருந்தேன்.