ஆள்பிடி அக்கா

ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் தூக்கி, தாளை முகங்குப்புற வைத்து, மூடியை இறக்குவதற்குள் அக்கா அதைப் படித்து முடித்திருப்பாள். வாடகை ஒப்பந்தம், மருத்துவச் சீட்டு, மதிப்பெண் பட்டியல், எதுவானாலும் சரி. ஆனால் அவளுக்கு ருசிப்பது வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் பயோடேட்டாதான்.

"'குழுவாகச் சேர்ந்து பணியாற்றும் திறன் உண்டு'ன்னு போட்டிருக்கியே தம்பி, யாரோட சேர்ந்து என்ன பணியாத்தின?"

தம்பி விழிப்பான். பத்துப் பிரதி கேட்டிருக்கிறான். ஐந்துதான் வெளியே வந்திருக்கிறது. பாதியில் விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

"சரி, சனிக்கிழமை காலையில உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்லக்கா" என்றால் மாட்டினான். விவரமான பிள்ளைகள் "தூங்கணும்க்கா" என்பார்கள். அதற்கும் பதில் உண்டு: "நல்லாத் தூங்கி எழுந்து குளிச்சுட்டே வா, பத்து மணிக்குத்தான்." பிரதிகளோடு சேர்த்து, வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் இடமும் நேரமும் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றும் கைக்கு வந்துவிடும். எதற்கு என்று கேட்பதற்குள் அவள் அடுத்த ஆளின் தாளைப் படிக்க ஆரம்பித்திருப்பாள்.

சமூகக்கூடத்தை ஒட்டிய சந்தில் எட்டடி அகல ஜெராக்ஸ் கடை. முன்னால் இயந்திரமும் அக்காவும். பின்னால் ஸ்பைரல் போட்டுக்கொண்டு அவள் கணவர். பதினோரு வருடங்களுக்கு முன்பு, 'தன்னார்வலர்கள் தேவை' என்று ஓர் அறிவிப்பைச் சமூகக்கூடத்துக்காரர்கள் இந்தக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் ஆனது. ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. தன் கடை வாசலில் ஒட்டியிருக்கிற ஒன்றை யாரும் மதிக்காதது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நோட்டீசப் பாத்து எவன் வருவான்? கையப் புடிச்சு இழுக்கணும்" என்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தானே இழுக்கத் தொடங்கினாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. இன்று நாலு தெருவிலும் அவளுக்கு ஆள்பிடி அக்கா என்றுதான் பெயர்.

யாரை எங்கே அனுப்புவது என்பதில் அவள் கைகாரி. வாய் ஓயாத ஒரு பையனைக் காது மந்தமான ஓர் அம்மாவுக்குத் துணையாக மருத்துவமனைக்கு அனுப்புவாள். கேட்டால், "அவங்களுக்குக் காது கேக்காது, இவனுக்கு நிறுத்தத் தெரியாது. ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்பாள். ஆளைக் கண்டாலே கூசுகிற பிள்ளைக்கு நூலகத்தில் கிழிந்த புத்தகம் ஒட்டுகிற வேலை. 'பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல்' என்று எழுதிவிட்டுக் கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயர் சொல்லத் தெரியாமல் முழித்த பெண்ணை, பார்வையில்லாத ஒருவருக்குப் பத்திரிகை படித்துக் காட்ட அனுப்பினாள். "போயி படி. அப்புறம் இது பொய்யா இருக்காது."

வேலை முடித்து வருகிற பிள்ளைகளுக்கு அவள் நன்றி சொல்வதில்லை. "நன்றின்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது, அடுத்த வாரம் வரமாட்டான்" என்பது அவள் சித்தாந்தம். இன்னொன்று, படம் எடுக்கக் கூடாது. பாட்டில் பொறுக்கினாலும் பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்தாலும் போனை எடுத்தால் போச்சு. "கை எதுக்கு இருக்கு, வேலை செய்யவா, சாட்சி சொல்லவா?" பத்திரிகை படிக்கப் போகிற அந்தப் பெண் மட்டும் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மதித்ததில்லை. நிற்க, நடக்க, எச்சில் தட்டைக் கழுவ, எல்லாம் படம். அதனால் அவளுக்கு 'போட்டோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கணவருக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு கிடையாது. "ஊர்ல இருக்கற சோம்பேறிங்களையெல்லாம் நீ எழுப்பி விடற. கடைசியில இந்தக் கடையில தூங்கறதுக்கு எனக்குத்தான் நேரமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பியைச் சுற்றுவார்.

யானைக்கும் அடி சறுக்கும். அக்கா சறுக்கியது போன மாதம், போட்டோ பத்திரிகை படித்துக் காட்டும் அந்த மனிதரின் வீட்டில்.

அவர் ரேடியோ பழுது பார்த்தவர். ஏழு வருடங்களாகக் கண் தெரியாது. மனைவி இல்லை, மகள் வெளியூர். இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்துகொண்டு, ஸ்விட்ச், பிளக் என்று சின்ன வேலைகளைத் தடவிப் பார்த்தே செய்துகொடுப்பார். ஒருநாள் அக்கா அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். நடைவழியின் நடுவில் ஒரு நாற்காலி. ஜன்னல் கம்பியில் ஒயர் சுருள்கள். அடுப்புக்குக் கீழே தரையில் நசுங்கின தகர டப்பாக்கள். சுவரில் ஆணிக்கு ஆணி எதையோ மாட்டி வைத்திருந்தார். பாவம், கண் இல்லாத மனுஷன் இந்தக் குப்பைக்குள் எப்படிப் புழங்குகிறார் என்று அவளுக்கு மனம் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, முழங்கால் வலிக்கு அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனது அக்காவேதான். வீட்டில் போட்டோவையும் சேர்த்து நாலு பிள்ளைகள் இறங்கினார்கள். நாற்காலி சுவரோரம் போனது. ஒயரெல்லாம் பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்கடியில். நசுங்கின டப்பாக்கள் போய், ஒரே அளவில் புத்தம்புது பிளாஸ்டிக் டப்பாக்கள் மேல்தட்டில் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு அடித்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தது அக்கா. 'உப்பு', 'தேயிலை', 'தீப்பெட்டி', கொட்டை எழுத்தில், சுற்றிலும் பூ பார்டரோடு. அந்த பார்டரைத் தேர்ந்தெடுக்கவே கால் மணி நேரம் செலவழித்திருந்தாள்.

மதியம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் அவர் வலது கை இடுப்பளவில் முன்னே நீண்டது. ஒன்றும் தட்டுப்படவில்லை. முழங்கால் தடுமாறுகிறது என்று நினைத்து அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் செய்ததைச் சொல்லச் சொல்ல, "ரொம்ப சந்தோஷம்ப்பா, நல்லா இருங்க" என்றார் ரேடியோக்காரர்.

செவ்வாய்க்கிழமை போட்டோ கடைக்கு வந்தாள். யாரோ ஒருவரின் எண்பது பக்க ஆவணம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தாத்தா மூணு நாளா டீ போடலையாம். பிஸ்கட்டைத் தின்னுட்டு உக்காந்திருக்காரு."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தீப்பெட்டி எங்கன்னு தெரியலையாம்."

"இதென்ன கூத்தா இருக்கு? மேல்தட்டுல இடது பக்கம் மூணாவது டப்பா. தீப்பெட்டின்னு கொட்டை எழுத்துல..."

அக்கா அப்படியே நிறுத்திவிட்டாள். பின்னாலிருந்து கணவர் சிரிக்க ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இயந்திரம் மட்டும் தன்பாட்டுக்குத் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது.

நாலு பிள்ளைகள், ஐந்தாவதாக அவள். அச்சடித்து, வெட்டி, சூடாக்கி ஒட்டி, ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போட்டோ இன்னும் முடிக்கவில்லை.

"அவரு மக ஞாயித்துக்கிழமை வராங்களாம். முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியா இருக்காம். இத்தன நாளா வரமாட்டேன்னவரு, இப்ப சரின்னுட்டாரு அக்கா. 'இங்க எதுவும் எனக்குப் பிடிபடல பாப்பா. இனிமே எங்க இருந்தா என்ன'ன்னு சொல்றாரு."

சாயங்காலமே அக்கா அங்கே போய் நின்றாள். நன்றியைப் போலவே மன்னிப்பும் அவளுக்கு வாயில் வராத சொல்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்."

"நல்லதுக்குத்தானே பண்ணீங்க. விடுங்கம்மா."

"எது எது எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க. பழையபடி வச்சுடறோம்."

ரேடியோக்காரர் வெகுநேரம் யோசித்தார். "கை போற இடத்துல இருந்துச்சும்மா. எந்த இடம்னு கேட்டா சொல்லத் தெரியல. நான் எங்க அதையெல்லாம் நினைச்சு வச்சேன்?" என்றார். அவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் நாலு பேரையும் கடைக்கு வரவழைத்தாள். ஆளுக்கொரு வீடு சொன்னார்கள். நாற்காலி வலப்பக்கம் என்றான் ஒருவன், இடப்பக்கம் என்றான் இன்னொருவன், நாற்காலியே இல்லை என்று சத்தியம் செய்தான் மூன்றாமவன். போட்டோ மட்டும் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திட்டக் கூடாது."

"திட்டறதும் திட்டாததும் அப்புறம். விஷயத்தச் சொல்லு."

"'முன்னாடி எப்படி, பின்னாடி எப்படி'ன்னு ஸ்டேட்டஸ்ல போடலாம்னு, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படம் எடுத்தேன்."

மொத்தம் பதினொரு படங்கள். அக்கா போனை வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நாற்காலி இருந்தது. ஆணியில் இடுக்கி இருந்தது. அடுப்புக்குக் கீழே டப்பாக்கள் இருந்த வரிசைகூடத் தெரிந்தது. பிள்ளைகள் திட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"இவ்வளவுதானா? இன்னும் ரெண்டு எடுத்தா கை தேஞ்சா போயிடும்?" என்றாள் அக்கா.

படங்களைப் பெரிய தாளில் கலரில் எடுத்தாள். பழைய டப்பாக்களுக்கு எங்கே போவது என்று அவள் தலையில் கைவைத்தபோது, கணவர் பின்னாலிருந்து எழுந்துவந்து நாலு டப்பாக்களை மேசையில் வைத்தார். குப்பையில் போட எடுத்துப்போன பிள்ளைகளிடமிருந்து அவர்தான் வாங்கி, குண்டூசியும் கிளிப்பும் போட்டு வைத்திருந்தார். "நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பதினோரு வருடத்தில் அவர் செய்த முதல் சமூக சேவை அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், படங்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வீட்டைப் பழையபடி கலைத்தார்கள். அடுக்குவதைவிடக் கலைப்பது கஷ்டமாக இருந்தது. ஒயரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டார்கள். பூ பார்டர் சீட்டுகளை அக்காவே உரித்து எடுத்தாள். இரண்டு மூலைகளும் கதவின் பின்பக்கமும் எந்தப் படத்திலும் இல்லை. அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, அதுவரை கட்டிலில் உட்கார்ந்திருந்த ரேடியோக்காரர் எழுந்தார்.

"நான் பாட்டுக்கு நடக்கறேன். கை நீட்டினா அங்க வைங்க."

அவர் கதவடிக்குப் போய், யோசிக்காமல், வெளியே கிளம்புகிறவரைப் போலக் கையை நீட்டினார். போட்டோ ஓடிப்போய் அந்தக் கையில் குடையைக் கொடுத்தாள். "இது இல்ல, துண்டு" என்றார். துண்டு அங்கே போனது. அடுத்த மூலையில் குனிந்தார். ஸ்குரூடிரைவர் டப்பா கைக்கடியில் வந்தது. அப்படியே அரை மணி நேரம் அவர் நடந்தார், பிள்ளைகள் பின்னாலேயே சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கட்டத்தில் அவர் சிரித்துவிட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அக்கா ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மகள் கட்டிலில் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் என்று தெரிந்ததும், "நல்லதாப் போச்சுங்க, இதுல ரெண்டு காப்பி எடுத்துத் தர முடியுமா?" என்று நீட்டினாள். இல்லத்தின் சேர்க்கைப் படிவம். வழக்கப்படி அக்கா படித்தாள். 'தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள இயலுமா?' என்ற கேள்விக்கு எதிரே, 'இயலாது' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"இருங்க, டீ போடறேன்" என்றார் ரேடியோக்காரர்.

"அப்பா, நீங்க உக்காருங்க, நான்..." என்று மகள் எழப்போனாள். அக்கா விடவில்லை. அவள் தோளில் கை வைத்து லேசாக அழுத்தி உட்காரவைத்தாள்.

அவர் இரண்டு எட்டு வைத்தார். வலது கை நாற்காலி முதுகைத் தொட்டது. அங்கிருந்து திரும்பி நேராக அடுப்படிக்குப் போனார். தீப்பெட்டி எடுத்தார். தேயிலை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து விரலால் அளந்து போட்டார். ஆணியிலிருந்து இடுக்கி தானாக வந்ததுபோல் கைக்கு வந்தது. எதையும் அவர் தேடவில்லை. மகள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தம்ளர்களில் தேநீர் வந்தபோது, அக்காவின் கையிலிருந்த படிவத்தை அவள் திரும்ப வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இப்ப காப்பி வேணாங்க."

ரேடியோக்காரர் காது கொடுத்துக் கேட்டார். அக்கா இன்னும் உட்காரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"ஏம்மா நிக்கறீங்க? அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க."

"இருக்கட்டும் அண்ணே" என்றாள் அக்கா. நாற்காலியில் உரசிவிடாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப்போய், சுவரோரம் நின்றபடியே தேநீரைக் குடித்தாள்.