அரிசி ஏற்றிய குண்டு விமானம்

அப்பா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த நாளில், எங்கள் வீட்டில் அதன் மேல் எழுதியிருந்ததை வாசிக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆம், பெருமைக்காகத்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். சம்பளத் தாளில் பெருவிரலைத்தான் வைப்பார். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நான் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தேன். இன்றைக்கு வெள்ளவத்தையில் ஒரு கந்தோரில் தட்டச்சு செய்கிறேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுவதற்கும் கடிதம் வாசித்துக் கொடுப்பவள் நான்தான்.

ஒரு கப்பலின் இன்ஜினியர் அப்பாவிடம் கொடுத்த பெட்டி அது. அந்த மனிதர் திறந்து பார்த்துவிட்டு, பொறுமையில்லாமல் மூடி வைத்துவிட்டாராம். மூடியில் யுத்த காலத்துக் குண்டு விமானம் ஒன்றின் படம். நான்கு இயந்திரங்கள், கறுத்த வயிறு, கீழே தீப்பிடித்த நகரம். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள் சட்டம் சட்டமாக, கொத்தில் முருங்கைக்காய் தொங்குவதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு சிறிய ட்யூபில் பசை. நான்காக மடித்த ஒரு தாளில் ஆங்கிலத்தில் செய்முறை.

“மகள் இத வாசிச்சு செய்வாள்,” என்று அப்பா தண்ணீர்ப் பைப்படியில் நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் பெட்டியைத் திறக்கவே இல்லை, அதற்குள் சொல்லியாகிவிட்டது.

அவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இயேசு பிறந்த நாளான நத்தாருக்குப் பொதுவாக ஒரு பாலன் குடில் கட்டுவோம். பைப்படிக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்த்து. வீட்டுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். முதல் வீட்டு மாமி மாதா, சூசையப்பர் சுரூபங்களைக் கொடுப்பார். குடிலுக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்பதும் அவர் சொல்வதுதான். ஒரு வீடு குளத்துக்குக் கண்ணாடி கொடுக்கும். இன்னொரு வீடு சிரட்டையில் முளைக்கவைத்த பயறு கொடுக்கும். ஒட்டகத்தைவிடப் பெரிய கிளி ஒன்றும் வருடா வருடம் வரும். எங்கள் வீட்டிலிருந்து மணல். அப்பா மட்டக்குளிக் கடற்கரைக்குப் போய்ச் சாக்கில் அள்ளித் தோளில் சுமந்து வருவார். மணலை யாரும் பார்ப்பதில்லை. அதன் மேல் நிற்கும் ஒட்டகத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த வருடம் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒன்றைக் கொடுக்கப்போகிறேன் என்று அப்பா முடிவு செய்திருந்தார். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நூலில் தொங்குகிற ஒரு விமானம்.

நான் மூன்று வாரம் எடுத்தேன். அம்மாவின் தையல் மெஷின் மூடிதான் என் மேசை. பள்ளிக்கூட அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரு சொல்லுக்குச் சிறு கோபுரம் என்று அகராதி சொன்னது. விமானத்தில் கோபுரம் எங்கே என்று ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினேன். கடைசியில் அது துவக்கால் சுடுகிறவன் உட்காருகிற கண்ணாடிக் குமிழ் என்று தெரிந்தது. மொத்தம் எட்டுத் துவக்குகள். மூக்கில் இரண்டு, முதுகில் இரண்டு, வாலில் நான்கு. ஊசியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அம்மாவின் புருவ இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கி ஒட்டினேன். வயிற்றுக் கதவுகளைத் திறந்தபடி ஒட்டச் சொல்லித் தாளில் இருந்தது; அப்படியே ஒட்டினேன். உள்ளே குண்டுகளை வரிசையாக அடுக்கினேன். முடிந்தபோது பெட்டியில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. பரீட்சை முடிவு வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வரவில்லை.

அப்பா அதைத் துவாயால் மூடி முதல் வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். பாராட்டைக் கேட்க வேண்டுமே.

மாமி துவாயை நீக்கினார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு விமானத்தைத் திருப்பி வயிற்றைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி, உள்ளுக்க?”

“குண்டு அக்கா. எல்லாம் அச்சொட்டா இருக்கு. மகள் இங்கிலீஷ்ல வாசிச்சு வாசிச்சு ஒட்டினது.”

மாமி விமானத்தைக் கதிரையில் வைத்தார். “குண்டு போடுற பிளேன பாலன்ட தலைக்கு மேல தொங்க விடச் சொல்றியா?”

அவருடைய அண்ணன் துறைமுகத்தில் வேலை செய்தவர். யுத்தத்தின்போது ஜப்பான் விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்த காலையில், வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“மாமி, இது ஜப்பான் பிளேன் இல்ல. இங்கிலீஷ்காரன்ட பிளேன்.”

“கீழ நிக்கிறவனுக்கு அதுல என்ன வித்தியாசம், பிள்ளை?”

அப்பா துவாயை எடுத்து, குழந்தையைப் போர்த்துவதுபோல் விமானத்தைப் போர்த்தினார்.

வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தூரத்தில் கேட்டார். “மகள், துவக்கெல்லாம் கழட்ட ஏலாதா?”

“ஏலாது அப்பா. இது சரியா செஞ்சிருக்கு. ஒரு துண்டு மிச்சமில்ல. கழட்டினா பிழையாப் போகும்.”

“பிழை எண்டு ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

என் படிப்பை மதித்து அப்பா வாயை மூடிக்கொண்ட தடவைகள் பல உண்டு. அதில் இதுவும் ஒன்று. அப்போது அது எனக்கு வெற்றியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நான் விமானத்தின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் வந்து நின்றார். தோளில் ஈரச் சாக்கு. மட்டக்குளியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். ஈரச் சாக்கை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். சட்டையின் முதுகுப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் வடிந்து கோடு விழுந்திருந்தது. என்னையும் பார்க்கவில்லை, விமானத்தையும் பார்க்கவில்லை. “கொஞ்சம் காயட்டும், பிறகு சலிப்பம்,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாக்கை இறக்கினார். மறுபடியும் மணல்.

அவர் குளிக்கப் போனதும் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். சவர பிளேடை அதில் காட்டி, வாலில் இருந்த முதல் துவக்கின் அடியில் வைத்தேன். “டிக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எட்டையும் வெட்டி ஒரு தைலப் பேணிக்குள் போட்டு மூடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் மறுபடி ஒட்டிவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதுகுக் குமிழையும் வால் குமிழையும் நெம்பி எடுத்தால் இரண்டு ஓட்டைகள். துண்டுகள் ஒட்டியிருந்த வெறும் சட்டத்தைச் சுரண்டித் தூளாக்கி, பசையில் கரைத்துக் களியாக்கி, அதைக் கொண்டு ஓட்டைகளை அடைத்தேன். இதைத் தாள் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது. காய்ந்த பிறகு நெருப்புப் பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்தேன். கறுத்த பிளாஸ்டிக்கை மறைக்க அப்பா ஜாம் போத்தலில் கொஞ்சம் வெள்ளிப் பெயின்ற் கொண்டுவந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. துவக்கு இல்லாத விமானத்தைப் பார்த்ததும் என் தலையில் கையை வைத்து ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனார்.

கடைசியாகக் குண்டுகளை நெம்பி எடுத்தேன். கதவுகளைத் திருப்பி மூடப் பார்த்தபோது ஒன்று இரண்டாக உடைந்தது. மற்றதும் பொருந்தவில்லை. இரண்டையும் கழற்றி எறிந்தேன். வெள்ளி நிற விமானம், நடுவில் நீளமாகப் பிளந்த வயிறு. அழுகை வந்தது.

இத்தனை நாளும் என் பக்கம் எட்டிப் பார்க்காத அம்மா அப்போதுதான் வந்து குனிந்து பார்த்தார்.

“அழாத. குண்டு இல்லையெண்டா வேற என்னத்தையாவது ஏத்துறது.”

“என்னத்த ஏத்துறது?”

“ஏன், உங்கப்பா என்னத்த இறக்குறார்?”

அரிசிக்குத் தட்டுப்பாடான வருடம் அது. அம்மா பழைய காக்கித் துணியில் என் சின்னி விரல் நகமளவு சாக்குகள் தைத்தார். ஒவ்வொன்றிலும் நான்கு அரிசி போட்டு வாயைக் கட்டினார். இருபது சாக்குகள். திறந்த வயிற்றில் அவை எப்படி நிற்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா தையல் நூலில் உள்ளங்கையளவு வலையொன்று பின்ன ஆரம்பித்துவிட்டார். கப்பலின் அடியிலிருந்து கிரேன் மூட்டைகளைத் தூக்குகிற அதே மாதிரி வலை.

நான் சாக்குகளை வலையில் ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கினேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

“இது நீ புத்தகம் அடுக்குற மாதிரி. கிரேன் தூக்கினவுடன எல்லாம் தண்ணிக்குள்ள.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, புருவ இடுக்கியை என்னிடமிருந்து வாங்கினார். ஒரு வரிசை நீளத்துக்கு, அதன் மேல் ஒரு வரிசை குறுக்காக, வாய் கட்டிய பக்கம் எல்லாம் உள்ளே பார்க்க. மூட்டை தூக்கித் தடித்த விரல்கள் அவருடையவை. அவற்றில் ஒன்றாவது நடுங்கவில்லை. நான்கு மூலைகளையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். ஒரு சாக்குக்கூட அசையவில்லை. பிளந்த வயிற்றுக்குள் நான்கு துளை போட்டு வலையைக் கட்டினோம்.

மாமி இந்த முறை விமானத்தை முதலிலேயே திருப்பிப் பார்த்தார். விரலால் முதுகைத் தடவினார், ஓட்டை இருந்த இடம் தெரிகிறதா என்று. பிறகு வலையைத் தொட்டார்.

“மாவா, அரிசியா?”

“அரிசி, அக்கா.”

“விழாதோ?”

அப்பா நிமிர்ந்தார். “இருவது வருசமா ஹார்பர்ல நிக்கிறன் அக்கா. என்ட கையால கட்டின சுமையில ஒரு மூட்டை விழுந்ததில்ல. யாரிட்டயும் கேட்டுப் பாருங்க.”

“அப்ப கட்டு.”

பக்கத்து வீட்டு மாமா பைப்படியில் பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: “பாலனுக்குக் கூப்பன் அரிசி பிளேன்ல வருது. எங்களுக்கு எப்ப வரும் எண்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

விமானம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. ஒழுங்கைக்கு வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா அந்த ஒரு வாரமும் வேலைவிட்டு வந்ததும் குளிக்காமல் குடிலடியில் நின்றார், பார்க்கிறவர்களைப் பார்க்க. கிராண்ட்பாஸிலிருந்து வந்த அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வலையைக் காட்டி, “இது எங்கட அடுக்கு,” என்று சொன்னதை வீட்டுக்கு வந்து மூன்று தரம் சொன்னார்.

நத்தார் காலை பூசை முடிந்து வந்தபோது குடிலைச் சுற்றி ஆட்கள் குனிந்து நின்றார்கள். எலியொன்று தங்கூசி வழியே இறங்கி வலையைக் கடித்திருக்க வேண்டும். வலை ஒரு மூலையில் அறுந்து தொங்கியது. சாக்குகள் சிதறிக் கிடந்தன, பாதி கிழிந்திருந்தன. வைக்கோலில் அரிசி, குளத்துக் கண்ணாடியில் அரிசி, ஒட்டகத்தின் காலடியில், அப்பாவின் மணலில் அரிசி. பாலனின் நெஞ்சில் இரண்டு மணி.

அப்பா புதுச் சட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். பக்கத்து வீட்டு மாமாகூடப் பகிடி விடவில்லை. எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள்.

மாமி மெதுவாக முழங்காலில் இருந்தார். பாலன் மேல் கிடந்த அரிசியை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“மேலயிருந்து விழுந்தது இதுதானே,” என்றார். “கிடக்கட்டும், தம்பி. கூட்ட வேணாம்.”

ஒருவரும் கூட்டவில்லை. மத்தியானத்துக்குள் சிட்டுக்குருவிகள் வந்தன. ஒழுங்கைப் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து அவை கொத்துவதைப் பார்த்தார்கள். பின்னேரம் அம்மா புதிதாகச் சாக்குகள் தைத்தார். அப்பா இம்முறை தையல் நூலை விட்டுவிட்டு மெல்லிய கம்பியில் வலை பின்னினார். “எலிட பல்லு உடையட்டும்,” என்றார். நான் விமானத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடியும் முதல் வரிசை நீளத்துக்கு, இரண்டாவது குறுக்காக அடுக்கினார்.

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்த பிறகு அப்பா விமானத்தைத் துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மெஷின் மூடியில் வைத்துவிட்டு, என் தைலப் பேணியைத் தட்டின் மேலிருந்து எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே எட்டுத் துவக்குகளும் கிலுகிலுத்தன. நான் அதை அங்கே வைத்தது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

“இனி ஒட்டிடுவியா, மகள்? பேப்பர்ல இருக்கிற மாதிரி?”

“பசை முடிஞ்சு போச்சு அப்பா,” என்றேன்.

ட்யூபில் பாதிக்கு மேல் இருந்தது. வாயை நன்றாகத் திருகி, அகராதிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.