உள்ளே வைத்துப் பூட்டிய சாவி

'எழுப்பி' என்ற பேர் இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காதில் விழுந்தது கல்யாணப் பேச்சின்போதுதான். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணின் சித்தி கேட்டாள். "எங்க பஸ் டிக்கெட் ஆபீஸ்ல கம்ப்யூட்டரைக் காலையில எழுப்பிவிடுற வேலை" என்றான் பெண்ணின் அண்ணன். அந்த ஆபீசுக்கு அவன்தான் மேனேஜர். "அதுக்கு ஒரு ஆளா? அலாரம் வச்சாப் போதாதா?" என்றாள் சித்தி. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

மெஷினைப் போட்டதும் எது முதலில் எழவேண்டும், எது பின்னால் என்று சொல்ல ஷெல் ஸ்கிரிப்ட் என்று துண்டு துண்டாகக் கட்டளைகள் இருந்தன. வந்தவன் போனவனெல்லாம் எழுதிச் சேர்த்தது, ஒட்டுப்போட்ட துணி மாதிரி. எழுப்பிக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"மச்சான், எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கு, அதுல சீரா எழுதிடறேன். நாளைக்கு யார் படிச்சாலும் புரியும்."

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தான். கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. மார்தட்டிக்கொண்டான்.

அதையே ஏற்றி வைத்த ஆபீஸ் மெஷின் மறுநாள் காலை எழவில்லை. டிக்கெட் வரிசை வாசலைத் தாண்டியது. திரையில் ஒரே வரி: பைத்தானைக் காணோம். எழுப்பிக்குச் சுரீரென்று உறைத்தது. வீட்டு மெஷினில் ஒரே டிஸ்க். இங்கே இரண்டு, அவன் எழுதியதை ஓட்டுகிற பைத்தான் இருப்பது இரண்டாவதில். அந்த இரண்டாவதைத் திறந்துவிடும் வேலையையே அவன் பைத்தானிடம் கொடுத்திருந்தான். சாவியை உள்ளே வைத்துப் பூட்டின கதை.

சொல்லியிருக்கலாம். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நேத்து வயரிங் மாத்தினாரே, அதான்" என்று மேனேஜர் மச்சான் எலக்ட்ரீஷியனை வரவழைத்தான். "என் வேலையில குறை இருக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெரியவர் ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றினார். அந்தச் சாக்கில் எழுப்பி பழைய ஷெல் கட்டளை ஒன்றைத் தட்டி டிஸ்கைத் திறந்தான். பெரியவர் ஒரு திருகாணியை முறுக்கவும் மெஷின் எழவும் சரியாக இருந்தது.

"பார்த்தீங்களா! லூஸா விட்டுட்டுப் பேச்சு வேற. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றான் மச்சான்.

பெரியவர் அந்தத் திருகாணியையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கைமேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுப்பி மேசைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

சாயங்காலம் மச்சானிடம் மட்டும் சொன்னான். மச்சான் முகம் கறுத்தது.

"தங்கச்சி முகத்துக்காக விடறேன், மாப்ளே. வெளிய தெரிஞ்சா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். பெரியவரைக் கூப்பிட்டு நான் என்னன்னு சொல்ல?"

எழுப்பி தலையாட்டினான். அப்போது நெஞ்சில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அதை நினைத்துத்தான் பிறகு கூசிப்போனான்.

பைத்தானை முதல் டிஸ்குக்கு மாற்றி வைத்தான். அதற்கப்புறம் மெஷின் மக்கர் பண்ணியதே இல்லை. சொந்தக்காரர்கள் அதைப் புகழ்ந்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விடுவான். "நல்லது சொன்னாக்கூட ஏன் ஓடறீங்க?" என்பாள் மனைவி.

பெரியவர் அதன்பின் வயரிங் வேலை எதுவும் எடுக்கவில்லை. மருமகன் கடையில் உட்கார்ந்து ஃபேன் ரிப்பேர் பார்க்கிறார். எழுப்பி அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறான். மச்சான் ஓய்வு பெற்றுவிட்டான். இப்போது அந்த ஆபீசுக்கு எழுப்பிதான் மேனேஜர்.